ஆறு சாமான் ஏற்றினால் ஒன்றுக்கு மட்டும் தேதி: வேர்ட்பிரஸ் டெம்ப்ளேட் டேக் சந்தேகங்கள்

காரைக்குடி கடைமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அப்பா பழஞ்சாமான் கடை வைத்திருக்கிறார். நான் பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கு பார்க்கிறேன். கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஓர் இணையதளம் உண்டு. செய்து கொடுத்தவர் ஊரை விட்டுப் போய்விட்டதால் இரண்டு வருடமாக அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பியை முறையாகப் படித்தவள் இல்லை. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் ஃபைலைத் திறந்து ஒரு வரியை மாற்றிப் பார்ப்பேன், உடைந்தால் பழையபடி வைத்துவிடுவேன். அப்படிக் கற்றதுதான். போனில் தமிழ் விசைப்பலகை மட்டும் வைத்திருக்கிறேன், அதனால் ஃபங்ஷன் பெயர்களையும் தமிழிலேயே அடிக்கிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

தளத்தில் ஒரு சாமானுக்கு ஒரு பதிவு. போன ஜனவரி 10, சனிக்கிழமை, ஆறு பதிவு ஏற்றினேன்: ஒரு பர்மா மரவை, மங்கு ஜாடி இரண்டு, ஒரு பித்தளை அண்டா, ஐந்தடுக்கு எனாமல் டிபன் கேரியர், ஒரு ஜோடி நிலைக்கதவு. முகப்பில் மேலே நிற்கும் நிலைக்கதவுக்கு மட்டும் தேதி வருகிறது. கீழே உள்ள ஐந்துக்கும் தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்தில் தீமில் இருப்பது தி_டேட்() என்ற டெம்ப்ளேட் டேக், அதாவது பதிவின் விவரத்தைப் பக்கத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன், அந்த ஒரே வரிதான். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெளியூர். புதுச்சரக்கு எது என்று தேதியைப் பார்த்துத்தான் போன் செய்கிறார்கள், அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது படத்துக்குக் கீழே வரும் சுருக்கம். பழையவர் அதை சப்ஸ்டர் என்ற வெட்டும் ஃபங்ஷன் போட்டு 120-இல் வெட்டியிருக்கிறார். வரியின் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். எங்கோ படித்துவிட்டு எம்பி_சப்ஸ்டர் என்று மாற்றினேன். கட்டம் போய்விட்டது. ஆனால் இப்போது ‘தூண்’ என்பது ‘தூண’ என்று முடிகிறது, ‘பெட்டி’ என்பது ‘பெட்ட’ என்று முடிகிறது. அப்பா பார்த்துவிட்டு, “என்னத்தா, எழுத்துப் பிழையோட போட்டிருக்க?” என்றார். கடைப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போனதற்காகப் பெயின்டரை மறுபடி ஏணியில் ஏற்றியவர் அவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் பக்கத்துச் செட்டியார் வீட்டுச் சாமான்களில் பெயர் வெட்டியிருக்கும். முழுப் பெயராக இருக்காது, விலாசமாக இருக்கும்: முன்னோர் பெயர்களின் முதலெழுத்தை வரிசையாகப் போட்டு, கடைசியில் அவரவர் பெயர். அண்டாவின் விளிம்பில், கரண்டிக் காம்பில், கேரியரின் மேல்மூடியில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள். சாமான் உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. வாங்க வருகிறவர் முதலில் கேட்பதும் “எந்த ஊர் வீட்டுச் சாமான்?” என்றுதான். அதனால் சாமான் பெயரோடு ஊரும் விலாசமும் தலைப்பிலேயே வர வேண்டும். இரண்டையும் கஸ்டம் ஃபீல்டில், அதாவது பதிவோடு சேர்த்து வைக்கும் கூடுதல் விவரப் பெட்டியில், ஏற்றினேன். தலைப்பைப் பெரிய எழுத்தில் காட்டும் எச்2-வைத் திறந்து, தி_டைட்டில்(), அதோடு கெட்_போஸ்ட்_மெட்டா(), பிறகு எச்2-வை மூடு என்று புள்ளி வைத்துக் கோத்து, பக்கத்தில் காட்டச் சொல்லும் ஒரே எக்கோவில் எழுதினேன். தலைப்பு எச்2-க்கு வெளியே, அதற்கு முன்னாலேயே, சின்ன எழுத்தில் தனியாக விழுகிறது. விலாசம் வர வேண்டிய இடத்தில் ‘அரே’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் இதேபோல் நாலு இரவு உட்கார்ந்து மாற்றியதெல்லாம் தீம் அப்டேட் கொடுத்ததும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை. இந்த முறை அப்படி ஆகாத வழியையும் சொல்லுங்கள்.


புதுவயல்காரன் எழுதியது:

தங்கச்சி, மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது. வேர்ட்பிரஸில் ‘தி_’ என்று தொடங்கும் டேக் பந்தியில் நேரே இலையில் பரிமாறிவிடும். ‘கெட்_தி_’ என்று தொடங்குவது பாத்திரத்தோடு உங்கள் கையில் கொடுக்கும், நீங்கள்தான் பரிமாற வேண்டும். நீங்கள் எக்கோவுக்குள் தி_டைட்டில்() போட்டீர்கள். எக்கோ தன் வரியைக் கோத்து முடிப்பதற்கு முன்னாலேயே தி_டைட்டில் தலைப்பை இலையில் போட்டுவிட்டது. பிறகு வந்த எச்2-க்குள் தலைப்பு இல்லை. அங்கே கெட்_தி_டைட்டில்() என்று மாற்றினால் போதும். தலைப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் எக்கோவே தேவையில்லை: தி_டைட்டில் அடைப்புக்குள் முதலில் திறக்கும் எச்2, இரண்டாவதாக மூடும் எச்2 என்று கொடுத்துவிட்டால் அதுவே சுற்றிப் போட்டுக்கொள்ளும்.

‘அரே’ வருவதற்குக் காரணம், கெட்_போஸ்ட்_மெட்டாவுக்கு மூன்றாவதாக ஒன்று கொடுக்க வேண்டும், நீங்கள் விட்டுவிட்டீர்கள். பதிவின் எண், ஃபீல்டின் பெயர், அப்புறம் ட்ரூ. ட்ரூ இல்லையென்றால் ஒரே பெயரில் பல மதிப்பு இருக்கலாம் என்று எண்ணி மொத்தத்தையும் அடுக்காகத் திருப்பித் தரும். அடுக்கை எக்கோ செய்தால் அந்தச் சொல்தான் விழும். வெளியே காட்டும்போது எஸ்க்_எச்டிஎம்எல்() என்ற உறைக்குள் போட்டுக் காட்டுங்கள். ஃபீல்டில் யாராவது தெரியாமல் ஒரு கோணக்குறி அடித்துவிட்டாலும் பக்கம் உடையாது.

தேதி பிழை இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 2003-இல் வேர்ட்பிரஸ் வந்தபோது அது வலைப்பதிவு எழுதுவதற்கான கருவி. ஒரு நாளுக்கு ஒரு தேதித் தலைப்பு, அதன் கீழே அன்றைக்கு எழுதியவை எல்லாம் என்பது அப்போதைய வழக்கம். தி_டேட் இன்றும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: முந்தைய பதிவின் நாளும் இந்தப் பதிவின் நாளும் ஒன்றாக இருந்தால் வாயைத் திறக்காது. அந்த வரியை எடுத்துவிட்டு எக்கோ கெட்_தி_டேட்() போடுங்கள். அது ஒவ்வொரு பதிவுக்கும் தேதி கொடுக்கும்.

ஒன்று கேட்க மறந்தேன். டாஷ்போர்டில் தோற்றம் பகுதிக்குக் கீழே ‘எடிட்டர்’ என்று தளத்தையே திருத்தும் வசதி வருகிறதா, அல்லது கஸ்டமைஸும் விட்ஜெட்டும் வருகின்றனவா? முதலாவது என்றால் அது பிளாக் தீம், நான் சொன்ன டேக் எதையும் அதன் டெம்ப்ளேட்டில் எழுத முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழைய முறைத் தீம்தான் என்று படுகிறது.

அப்டேட்டில் போனதற்கு மருந்து சைல்ட் தீம், அதாவது பெரிய தீமைச் சார்ந்து நிற்கும் குட்டித் தீம். இப்போதைய தீம் ஃபோல்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர். அதில் ஸ்டைல் சிஎஸ்எஸ் ஃபைல் ஒன்று, அதன் தலையில் தீம் பெயருக்கு ஒரு வரி, ‘டெம்ப்ளேட்’ என்று ஒரு வரி. டெம்ப்ளேட் வரியில் பெரிய தீமின் ஃபோல்டர் பெயரை எழுத்து மாறாமல் எழுத வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், தீமின் பெயரை எழுதிவிடுகிறார்கள், வேண்டியது ஃபோல்டரின் பெயர். பிறகு எந்த ஃபைலை மாற்ற வேண்டுமோ அதை மட்டும் இங்கே நகல் எடுத்து மாற்றுங்கள். ஃபங்ஷன்ஸ் பிஎச்பியை மட்டும் நகல் எடுக்காதீர்கள். அது இரண்டு தீமிலிருந்தும் ஏறும், சைல்டில் உள்ளது முதலில் ஏறும். நகல் எடுத்தால் ஒரே ஃபங்ஷன் இரண்டு முறை வந்து தளம் வெள்ளையாகிவிடும். அதை வெறும் ஃபைலாகத் தொடங்குங்கள். தீமை மாற்றியதும் மெனுவும் கஸ்டமைஸில் வைத்தவையும் இடம் மாறியிருக்கலாம், பயப்பட வேண்டாம், திரும்ப வைத்துக்கொள்ளலாம்.


குன்றக்குடி வாசகன் எழுதியது:

சுருக்கம் பற்றி நான் சொல்கிறேன். இதில் நானும் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சப்ஸ்டர் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ‘செட்டிநாடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கிற கணக்கில் செ, ட், டி, நா, டு என்று 5 எழுத்து. கணினிக்கு அது 10 குறி: ச, ஒற்றைக்கொம்பு, ட, புள்ளி, ட, இகரக் கொக்கி, ந, கால், ட, உகரம். பைட்டில் 30. 120 என்பது மூன்றால் வகுபடும் எண்தானே, ஏன் உடைகிறது என்று நான் முதலில் குழம்பினேன். நடுவில் வரும் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு பைட். இரண்டு இடைவெளி வந்தாலே கணக்கு நகர்ந்து, ஒரு குறியின் நடு வயிற்றில் கத்தி விழுகிறது. அரைக் குறியைக் காட்டத் தெரியாமல்தான் பிரவுசர் அந்தக் கேள்விக்குறிக் கட்டத்தை வைக்கிறது.

எம்பி_சப்ஸ்டர் குறியை உடைக்காது, ஆனால் எழுத்தை உடைக்கும். புள்ளியும் கொக்கியும் அதற்குத் தனித்தனிக் குறி. ‘தூண்’ நான்கு குறி, மூன்றோடு நிறுத்தினால் ‘தூண’. ‘கொட்டான்’ எட்டுக் குறி, ஐந்தோடு நிறுத்தினால் ‘கொட்ட’. பொருளே மாறிப்போகிறது. உங்கள் அப்பா கோபப்பட்டதில் தவறே இல்லை.

எழுத்தாக வெட்ட கிராஃபீம்_சப்ஸ்டர் என்று ஒன்று உண்டு. அது புள்ளியையும் கொம்பையும் மெய்யோடு சேர்த்தே எண்ணும். ஆனால் இன்ட்ல் என்ற நீட்சி சர்வரில் இருந்தால்தான் வேலை செய்யும், மலிவு ஹோஸ்டிங்கில் சில இடத்தில் இருக்காது. நான் கடைசியில் வெட்டும் வேலையையே விட்டுவிட்டேன். சொல்லாக எண்ணுவதுதான் தமிழுக்குச் சரி. டபிள்யூபி_ட்ரிம்_வேர்ட்ஸ்( கெட்_தி_எக்சர்ப்ட்(), 15, '…' ) என்று போடுங்கள். இடைவெளியைப் பார்த்துத்தான் வெட்டும், எந்தச் சொல்லும் காயப்படாது.

15 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொல். அது ஆங்கிலத்துக்கு அளவாக இருக்கும். ‘வாங்கிக்கொண்டுபோனவர்களுக்கு’ என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை அவர்கள் நாலைந்து சொல்லாக எழுதுவார்கள். நமக்கு 55 என்பது பத்தியே ஆகிவிடும். இன்னொரு கவனம்: பதிவின் ஓரத்தில் சுருக்கத்துக்கு என்று உள்ள பெட்டியில் நீங்களே எழுதியிருந்தால், சுருக்கத்தின் நீளத்தை மாற்றும் எக்சர்ப்ட்_லெங்த் ஃபில்டரில் எவ்வளவு எண் வைத்தாலும் அது கட்டுப்படாது. நான் சொன்ன வழியில் அதுவும் கட்டுப்படும்.


காரைக்குடி கடைமகள் எழுதியது:

புதுவயல் அண்ணன், குன்றக்குடி அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. பழைய முறைத் தீம்தான். நேற்று இரவு கடை அடைத்த பிறகு சைல்ட் தீம் செய்தேன். அண்ணன் சொன்ன அதே இடத்தில்தான் தடுக்கினேன், ஃபோல்டர் பெயரில் ஒரு சிறு கோடு விட்டுப்போயிருந்தது. அதைச் சரி செய்ததும் ஏறிவிட்டது. ஆறு சாமானுக்கும் தேதி வந்துவிட்டது. சுருக்கம் 15 சொல்லில் அழகாக நிற்கிறது.

அதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். தலைப்பு வருகிற இடமெல்லாம் ஊரும் வரட்டும் என்று, வேறு ஓர் இடத்தில் பார்த்த ஆட்_ஃபில்டர் வரியை எடுத்து தி_டைட்டில் மேல் வைத்தேன். தலைப்பு, அடுத்து ஒரு கோடு, அடுத்து ஊர் என்று. பதிவில் ‘பித்தளை அண்டா – கண்டனூர்’ என்று நான் நினைத்தபடி வந்தது. ஆனால் மேலே மெனுவில் ‘முகப்பு –’, ‘கடை பற்றி –’, ‘தொடர்புக்கு –’ என்று எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு கோடு தொங்குகிறது. டாஷ்போர்டில் பதிவுப் பட்டியலிலும் ஊர் வருகிறது. எடுத்துவிடட்டுமா, வேறு வழி இருக்கிறதா?


புதுவயல்காரன் எழுதியது:

எடுத்துவிடுங்கள். ஃபில்டர் என்பது வாய்க்காலின் மடையில் கை வைப்பது, அந்தத் தண்ணீர் பாயும் வயலெல்லாம் மாறும். மெனுவில் உள்ள பெயர்களும் தி_டைட்டில் ஃபில்டர் வழியாகத்தான் வருகின்றன. மெனு உருப்படிக்கு ஊர் ஃபீல்டு இல்லை, அதனால் கோடு மட்டும் மிஞ்சுகிறது. பதிவைக் காட்டும் சுற்றுக்குள் இருக்கிறோமா என்று பார்க்கும் இன்_தி_லூப்() சோதனை வைத்தால் மெனு தப்பிக்கும். இஸ்_அட்மின்() சோதனையும் சேர்த்தால் டாஷ்போர்டும் தப்பிக்கும். ஆனாலும் பதிவின் அடியில் வரும் ‘முந்தையது, அடுத்தது’ இணைப்பில் நுழைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்கென்று சொந்த டேக் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அது எங்கே அழைக்கிறீர்களோ அங்கே மட்டும் வரும். சைல்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் பிஎச்பியில்:

ஃபங்ஷன் கடை_ஊர்() {
$ஊர் = கெட்_போஸ்ட்_மெட்டா( கெட்_தி_ஐடி(), 'ஊர்', ட்ரூ );
இஃப் ( $ஊர் ) எக்கோ எஸ்க்_எச்டிஎம்எல்( $ஊர் );
}

வேர்ட்பிரஸின் பெயர்களையும் பிஎச்பியின் சொற்களையும்தான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கடை_ஊர், $ஊர் போல நாமே வைக்கும் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் பிஎச்பி மறுப்பதில்லை. பெயருக்கு முன்னால் ‘கடை_’ என்று ஒட்டு வைத்ததும் வேண்டுமென்றுதான், நாளைக்கு ஏதாவது பிளகின் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் கொண்டுவந்தால் மோதாது. ஊர் ஏற்றாத பதிவில் இஃப் நின்றுவிடும், தொங்கும் கோடு வராது. டெம்ப்ளேட்டில் தலைப்புக்குக் கீழே கடை_ஊர்() என்று அழையுங்கள். அவ்வளவுதான்.


தேவகோட்டை வாத்தியார் எழுதியது:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். நிரல் எழுதத் தெரிந்தவன் அல்ல, பேரன் காட்டியதால் இந்தத் திரியைப் படித்தேன். நுட்பம் கற்றுக்கொடுக்க வரவில்லை, ஆத்தா. உன்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

ஊரைப் போடு. விலாசத்தைப் போடாதே. ஒரு வீட்டில் அண்டாவையும் நிலைக்கதவையும் விற்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் என்னென்ன இருக்கும் என்பது உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பங்கு பிரித்திருப்பார்கள். வீட்டைப் பராமரிக்க முடியாமல் போயிருக்கும். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்பிய சாமானாகவும் இருக்கும். விற்றவர் இரவு நேரத்தில் வண்டி வைத்து அனுப்பியிருப்பார், பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று. முதலெழுத்து நாலு போதும், எங்கள் ஊரில் அது எந்த வளவு, எந்தப் பங்காளி என்று சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளை போனில் தன் பூட்டன் விலாசத்தைத் தேடினால் உன் கடைப் பக்கமும் விலையும் வந்து நிற்க வேண்டுமா?

சாட்சி வேண்டும் என்கிறாய், அது நியாயம். நேரில் வருகிறவருக்குச் சாமானே சாட்சி. எங்கள் அப்பத்தாவின் செம்பு ஒன்று அப்படித்தான் கைமாறிப் போனது, அதனால் சொல்கிறேன்.


காரைக்குடி கடைமகள் எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் சொல்றதுதான் சரி, நான்தான் முதல்லயே உன்கிட்ட சொல்லியிருக்கணும்” என்றார். அப்பா தன் சிட்டையில் விலாசத்தை எழுதி வைப்பார், ஆனால் வாங்க வருகிறவர் முன்னால் அந்தச் சிட்டையைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

உடனே தளத்தைப் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. ஃபீல்டில் ஏற்றுவதற்கு முன்னால், பழைய பதிவுகளில் விலாசத்தை டேக் ஆகவே போட்டு வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட் டேக் வேறு, பதிவுக்கு ஒட்டும் டேக் வேறு என்றே தெரியாத காலம் அது. ஒவ்வொரு விலாசத்துக்கும் தனிப் பக்கம் உருவாகி, அந்த வீட்டிலிருந்து வந்த சாமான் எல்லாம் அதில் வரிசையாக நிற்கிறது. 41 விலாசம். தேடினால் வருகிறது.

விலாசம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா? கணக்குக்கு அது வேண்டும்.


குன்றக்குடி வாசகன் எழுதியது:

முடியும். கடை_ஊர் மாதிரியே கடை_விலாசம் என்று ஒன்று எழுதி, அதன் முதல் வரியாக இப்படி வையுங்கள்: இஃப் ( ! கரன்ட்_யூசர்_கேன்( 'எடிட்_போஸ்ட்ஸ்' ) ) ரிட்டர்ன். பதிவு எழுதும் உரிமையோடு உள்ளே நுழைந்தவருக்கு மட்டும் தெரியும். வெளியாளுக்கு அந்த வரி பக்கத்திலேயே இருக்காது, மூலநிரலைத் திறந்து பார்த்தாலும் கிடைக்காது. சிஎஸ்எஸ் போட்டு மறைக்காதீர்கள். அது திரை போடுவதுதான், பொருள் பின்னால் அப்படியே இருக்கும், தேடுபொறி படித்துவிடும்.

கஸ்டம் ஃபீல்டில் வைப்பது பாதுகாப்புதான். வெளி நிரல்கள் தளத்தின் தரவை வாங்கும் ரெஸ்ட் ஏபிஐ வழியாக வெளியே போக வேண்டுமென்று தனியாகப் பதிவு செய்தால் ஒழிய அது போகாது. ஆனால் பதிவின் உடலில் எங்காவது விலாசத்தை எழுதியிருந்தால் அது சுருக்கத்திலும், புதுப்பதிவுகளை வெளியே அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடையிலும் போகும். அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

டேக் விஷயத்தில் அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். முதலில் ஒவ்வொரு பதிவின் டேக்கையும் ஃபீல்டுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பதிவுகள் பகுதியில் டேக் பட்டியலுக்குப் போய் 41-ஐயும் நீக்குங்கள். நீக்கியதும் அந்தப் பக்கங்கள் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 ஆகிவிடும், தேடுபொறியும் நாளடைவில் விட்டுவிடும். இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, பதிவின் முகவரி. தலைப்பில் விலாசம் இருந்திருந்தால், முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக்கிலும் ஏறியிருக்கும். தமிழ் ஸ்லக் உள்ளே சதவீதக்குறியோடு சேமிக்கப்படும், ஒரு குறிக்கு 9 இடம். தரவுத்தளத்தில் மொத்தமே 200 இடம்தான், 22 குறிக்கு மேல் வெட்டிவிடும். எப்படியும் ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது. பழைய முகவரியில் வருகிறவரை வேர்ட்பிரஸே புதியதற்கு அனுப்பிவிடும். மற்றொன்று, படங்கள். மூடியில் குத்திய எழுத்து படத்தில் பளிச்சென்று தெரிகிறதே.


காரைக்குடி கடைமகள் எழுதியது:

மூன்று நாள் ஆனது. 41 டேக்கும் போய்விட்டது. படங்களையும் பார்த்தேன், 17 படத்தில் எழுத்து தெரிந்தது. அண்டாவைத் திருப்பி வைத்துப் புதுப்படம் எடுத்தேன். விற்றுப்போன சாமான்களுக்கு அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன். உள்ளே நுழைந்து பார்த்தால் தலைப்புக்குக் கீழே ஊர், அதன் கீழே சாம்பல் நிறத்தில் விலாசம். வெளியேறிப் பார்த்தால் ஊர் மட்டும். பத்து முறையாவது உள்ளே போய், வெளியே வந்து பார்த்திருப்பேன்.

இப்போது அப்பா ஒன்று கேட்கிறார். சிட்டையில் தமிழ்த் தேதிதான் எழுதுகிறார். தளத்திலும் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதி வந்தால் சிட்டையோடு ஒத்துப் பார்க்கச் சுலபம் என்கிறார். கெட்_தி_டேட் மாதத்தின் பெயரைத் தமிழில் ‘ஜனவரி’ என்று காட்டுகிறது, மார்கழி, தை என்று காட்ட வழி உண்டா?


குன்றக்குடி வாசகன் எழுதியது:

வேர்ட்பிரஸில் அது இல்லை. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதைப் பிடித்து வருவது. ஒரு மாதத்துக்கு 29 நாளிலிருந்து 32 நாள் வரை போகும், ஒரே கழித்தல் கணக்கில் அடங்காது. தை 1 ஆங்கிலத் தேதியில் 2024-இல் ஜனவரி 15, 2025-இல் ஜனவரி 14, இந்த 2026-இல் மறுபடி ஜனவரி 15. அதனால் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். வருடத்துக்குப் பன்னிரண்டு தேதிதானே, வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு மாதமும் எந்த ஆங்கிலத் தேதியில் பிறக்கிறது என்று ஓர் அடுக்கு எழுதிவிடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில மாதம் ஒரு நாள் மாறும். அப்பா எதைப் பார்த்துச் சிட்டை எழுதுகிறாரோ அதையே எடுங்கள்.

இதற்கு எழுதும் டெம்ப்ளேட் டேக் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பதிவின் தேதியை வருடம், மாதம், நாள் வரிசையில் கெட்_தி_டேட் மூலம் வாங்கு. அடுக்கில் அதற்குச் சமமான அல்லது அதற்கு முந்தைய கடைசி மாதப் பிறப்பைக் கண்டுபிடி. இடைப்பட்ட நாளை எண்ணி ஒன்று கூட்டு. உங்கள் ஜனவரி 10 பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். மார்கழி பிறந்தது டிசம்பர் 16. அதிலிருந்து ஜனவரி 10 வரை 25 நாள், ஒன்று கூட்டினால் மார்கழி 26.

வருடப் பெயருக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. 1987 சித்திரையில் பிரபவ. அங்கிருந்து 60 பெயரும் வரிசையாகச் சுற்றும். 2025-இல் 1987-ஐக் கழித்தால் 38, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் விசுவாவசு. சித்திரை பிறக்கும் வரை பழைய வருடத்தையே கழிக்க வேண்டும், இல்லையென்றால் தையிலேயே பராபவ என்று காட்டிவிடும்.

செட்டிங்ஸில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால், விடியற்காலை ஐந்தரைக்கு முன் ஏற்றிய பதிவு முந்தைய நாளில் விழும்.


காரைக்குடி கடைமகள் எழுதியது:

நேர மண்டலம் யுடிசியில்தான் இருந்தது அண்ணா. மாற்றிவிட்டேன். கடையில் மாட்டியிருக்கும் காலண்டரை வைத்து அப்பா மாதப் பிறப்பைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், பின்னால் இரண்டு வருடத்துக்கும் பழைய காலண்டர்களைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்டா பதிவில் இப்போது ‘கண்டனூர்’, அதன் கீழே ‘விசுவாவசு, மார்கழி 26’ என்று வருகிறது. அப்பா சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார். இதுவரை ஒரு பதிவில் மட்டும் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. அது சிட்டையில்தான் தவறு என்று சொல்லி, பேனாவை எடுத்துத் திருத்தினார்.